நட்சத்திர மீனும் கட்டைவிரலும்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஆரல்வாய்மொழியிலிருந்து வந்த ஓர் அம்மாள், தொட்டியில் உயிரோடு கிடந்த நட்சத்திர மீனைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு மெச்சிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "கொள்ளாம்... இது கறி வைக்க ஆவுமா?"

சிரிக்காதீர்கள். அன்றைக்கு டியூட்டியில் இருந்தது நான்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று இங்கே பலமுறை புலம்பியிருக்கிறேன். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு சின்ன அக்வேரியத்தில், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல இன்டர்ன் வேண்டும், வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்தார்கள். அறுபத்தொரு வயதில் இன்டர்ன்! கழுத்தில் ஐடி கார்டு, நீல டி-ஷர்ட். மஸ்கட்டில் இருக்கும் என் மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தான்.

எனக்குக் கொடுத்தது டச் டேங்க். இடுப்பு உயரத் தொட்டி. உள்ளே மணல், கல், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், மூன்று நட்சத்திர மீன்கள். யார் வேண்டுமானாலும் கைவிட்டுத் தொடலாம். இரண்டு விரல், மெல்ல — இதுதான் சட்டம்.

என் பொறுப்பாளர் ஜெனி. இருபத்தைந்து வயது, கடலோரத்துப் பெண், கடலுயிர்களைப் பற்றிப் படித்தவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"ஆன்டி, அந்தச் சின்னதுக்கு ஒரு கை சோர்ந்து கெடக்கு, பாத்தியளா? ஆளுவ போட்டு அமுக்குறாவ. இன்னும் மோசமாச்சுன்னா தொட்டிய மூடிக் கண்ணாடி போட்டுருவாவ."

மூடினால் என் வேலை போச்சு. அதுகூடப் போகட்டும்... அந்தச் சின்னதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன் நினைப்பாகவே இருந்தது. பிழைக்குமா?

காவல் காத்தேன். நான்கு நாளில் ஒன்று புரிந்தது. வெளியூர்க்காரர்கள் பயந்து பயந்து விரல் நுனியால் தொடுகிறார்கள். நம் மாவட்டத்து ஆட்களோ, கடற்கரையோ மலையோர அருமனையோ, நேரே கட்டைவிரலைத்தான் பதிக்கிறார்கள். சந்தையில் அயிலை மீனை அமுக்கி அமுக்கியே பழகிய விரல் அல்லவா? குழிந்தால் பழசு, நிமிர்ந்தால் புதுசு. நான் "மெல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் அது வேலையை முடித்துவிடும்.

"நம்ம ஆளுவளத் திருத்தவே முடியாது" என்று ஜெனியிடம் பொருமினேன்.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, கேமராப் பதிவை ஓடவிட்டாள். "யாரு கூடுதலா அமுக்குறாவன்னு பாக்கலாம்னு எடுத்தேன் ஆன்டி."

காலை எட்டே முக்கால். பார்வையாளர்களுக்கு இன்னும் கதவே திறக்கவில்லை. நீல டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் வருகிறாள். குனிகிறாள். சின்ன நட்சத்திர மீனைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. சாப்பிடப் போகும்முன் இன்னொன்று. சாப்பிட்டு வந்து இன்னொன்று. மறுநாளும் அப்படியே.

நான்தான்!

"நல்லா இருக்கான்னு பாத்தேன் மக்கா..." வெட்கத்தில் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"தெரியும் ஆன்டி. ஆனா நீங்க நாளுக்கு எட்டுத் தடவ பாத்தா, அது எப்பம்தான் நல்லா ஆவது?" என்றவள், என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டாள். "இப்படி விரிச்சு வச்சுட்டுச் சும்மா நில்லுங்க. நீங்க அதத் தொடாண்டாம். அது வரட்டும்."

நின்றேன். கால் கடுத்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ... அந்தச் சின்னது மெல்ல நகர்ந்து என் விரல்மேல் ஏறியது. அடியில் இருந்த குட்டிக் குட்டிக் கால்கள் உள்ளங்கையில் ஒட்டி ஒட்டி விட்டன. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே சட்டத்தை மாற்றினோம். தொடக் கூடாது, கையை விரித்துக் காத்திருக்கலாம். வந்தவர்கள் முனகினார்கள், ஆனாலும் நின்றார்கள். இந்த வாரம் அந்தச் சோர்ந்த கை கல்லைப் பற்றி ஏறுகிறது.

யோசித்துப் பார்த்தேன். கல்யாண வீட்டில் "மெலிஞ்சு போயிட்டியே" என்று புஜத்தைப் பிடித்துப் பார்க்கிறோமே, அதுவும் இந்த விரல்தானே? நான் மஸ்கட்டுக்கு நாளொன்றுக்கு நாலு போன் போடுகிறேன். சாப்பிட்டியா? ஏன் முகம் வாடியிருக்கு? பாவம் பிள்ளை, எத்தனை அமுக்கைத் தாங்குவான்!

போன ஞாயிற்றுக்கிழமை போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். காலை போனது. மத்தியானம் போனது. கை பரபரத்தது. நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான்! அவனாகக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று... சந்தோஷத்தில் எடுத்தேன்.

"எம்மா! ஏன் போனே காணல? ஒடம்புக்கு என்ன? மொகத்தக் காட்டு... இன்னும் கிட்ட வா, கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

விரல் அப்படியே என்னுடையது!