முந்தானையில் ஒரு பூட்டு

சந்திரமதி டீச்சர் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தால், எதிரே யாரோ தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். குறுக்கே புகுந்துவிடாமல் இருக்க அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட பூட்டு அது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பெண்மணிக்கு வேறு வழியும் இல்லை.

ரிங்லெட் என்ற மலை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவர். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் குளிர் விட்டபாடில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டில், தோட்டத்துக்குக் கீழே செமாய்ப் பூர்வகுடி மக்கள் வாழும் கம்பத்துக்கு, அந்தச் சிற்றூருக்கு, மாணவர்களை அழைத்துப் போனார். அங்கே மூங்கிலைப் பிளந்து ஊற்றுத் தண்ணீரை வீடுவீடாகக் கொண்டு வந்திருந்தார்கள். துரை சொல்லிச் செய்ததல்ல, அரசாங்கம் சொல்லிச் செய்ததுமல்ல. பா அலோங் என்ற பெரியவர் வீட்டில் ஊரே தரையில் உட்கார்ந்து, பேச்சு தீரும்வரை பேசி எடுத்த முடிவு. அதைப் பா அலோங் விளக்கும்போது டீச்சர் இரண்டு தரம் குறுக்கே புகுந்தார். யாரும் கோபிக்கவில்லை; டீச்சர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் முந்தானைப் பழக்கம்.

மறுநாள் வகுப்பில் அதே மாதிரி கூட்டம் போடச் சொன்னார். பிள்ளைகள் முதல் வேலையாக விஜயன் என்ற பையனைக் கங்காணியாக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"அங்க கங்காணி ஏதுலா? எறங்கிக் கீழ உக்காரு."

"கங்காணி இல்லாம எப்பிடி டீச்சர் கூட்டம் போடறது?"

நியாயமான கேள்வி. தோட்டத்தில் அப்படி ஒரு கூட்டத்தை அவர்கள் கண்டதே இல்லை.

நிஜக் கங்காணி நல்லுசாமிக்கு விஷயம் எட்டியது. "காட்டாளுங்ககிட்ட போயி நம்ம புள்ளைங்க என்னாத்த கத்துக்கும்?" என்று டவுன்வரை கேட்கும்படி கத்தினார். டீச்சர் நுனியைக் கடித்தபடி கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளுக்குள் எரிந்தது.

மழை பொய்த்த மாதத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்தார் தண்ணீர் கீழே போகாதபடி குழாயைத் திருகி வைத்துக்கொண்டார்கள். கீழ் லயத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கைகலப்பு வரும்போல் இருந்தபோது டீச்சர் இரண்டு லயத்தாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். நாற்காலிகளையெல்லாம் பிள்ளைகள் முன்னமே வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். மேல் லயத்து நல்லுசாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கால் கடுத்ததும் தரையில் உட்கார்ந்தார்.

கீழ் லயத்து வேலாயி எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் அல்ல. அன்று தடுமாறித் தடுமாறிப் பேசினாள். "விடியல்ல ஆத்துக்கு எறங்குறேன்... பாசி வழுக்குது. விழுந்துட்டேன். வாளி ஒடஞ்சிருச்சு... புள்ள தண்ணி கேக்குது, நான் என்னா செய்ய?"

கங்காணிக்கு வாய் துறுதுறுத்தது. "அது வந்து..." என்று தொடங்கியவர், எதிரே முந்தானை நுனியைக் கடித்தபடி இருந்த டீச்சரைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

வேலாயி மேலே பேசினாள். டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டார்.