வெளுத்த குழாய்

துருக்கியின் கோன்யா பல்கலைக்கழகத்தின் குழாய்ச் சோதனைக் கூடத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன் நான். பெரிஹான் அக்கா எங்கள் ஆராய்ச்சியாளர். இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் படிக்கத் திரும்பி வந்தவள். "பேரன் பேத்தியைக் கொஞ்ச வேண்டிய வயசுல இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவள் நாத்தனார் கூடத்துக்கே வந்து கேட்டாள். அக்கா அவளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். நானாயிருந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் சுற்றிச் செய்கிற குழாய், உள்ளே அழுத்தம் ஏறி ஏறி இறங்கினால் நாளடைவில் களைத்து ஒழுகும். பிசினில் கண்ணுக்கே தெரியாத சிலிக்காத் துகளைக் கலந்தால் கூடுதல் காலம் தாங்கும் என்பது அக்காவின் கட்சி. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழாய்த் தொழிற்சாலை முதலாளி ஜெவ்தெத் நம்பவில்லை.

"பொடி தூவினா பலமாயிடுமா? இதென்ன பிஸ்தா தூவுற பக்லாவா இனிப்பா?" என்றார்.

அவருடைய சாதாரணக் குழாயும் அக்காவின் குழாயும் ஒன்றாக ஓடட்டும். அக்காவுடையது முதலில் செத்தால் அவள் ஆராய்ச்சிக்குப் பூட்டு. அதுதான் பேச்சு.

இரண்டிலும் எண்ணெயை ஏற்றி ஓடவிட்டோம். முதலில் வெளுத்தது அக்காவின் குழாய். உடம்பெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது.

"செத்துப்போச்சு. எங்க பட்டறையில வெளுத்த குழாயைத் தூக்கிப் போட்டுடுவோம். நிறுத்துப்பா," என்றார் ஜெவ்தெத்.

என் கை பொத்தானுக்குப் போனது. அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"கையை எடு தம்பி. சார், ஒழுகினாத்தான் சாவு. இதெல்லாம் சின்னச் சின்ன விரிசல். துகள்ல முட்டி நிக்குது, ஒண்ணோட ஒண்ணு சேரல."

"வெளுத்தது வெளுத்ததுதானேம்மா."

அக்கா தன் முன்தலை நரையை இழுத்துக் காட்டினாள்.

"இதுவும்தான் வெளுத்திருக்கு. என்னையும் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் பொத்தானுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் சாதாரணக் குழாய் வியர்த்தது. ஒரே இடத்தில், ஒரே விரிசலில். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"சரிம்மா, ஜெயிச்சுட்டீங்க. ரெண்டையும் நிறுத்திடலாம்," என்று ஜெவ்தெத் கோட்டை மாட்டினார்.

"உங்களுடையதை வேணா கழட்டிக்குங்க. என்னுடையது உயிரோட இருக்கு," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, தேநீர் சொல்லு. சாருக்கும் சேர்த்து. அப்படியே என் நாத்தனாருக்கு ஒரு போன் போடு. அவளும் வந்து பார்க்கட்டும்."