கராஜுக்குள் யாரும் இல்லை

இது கட்டுக்கதை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில், ரெசீடா பக்கம், எவரார்தோ என்பவனின் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

எவரார்தோ அனுமதி வாங்காமல் கராஜை அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தான். அங்கே பலர் செய்கிற தந்திரம்தான்: தெருப் பக்கத்து இரும்புக் கதவை அப்படியே விட்டு, உள்ளே ஒட்டினாற்போல் ஒரு சுவர். நடுவில் கை நுழையும் இடுக்குதான் இருக்கும். வெளியே நின்று பார்த்தால் வெறும் கராஜ். அதில் குடியிருந்த ஃபெர்மின் என்ற கிழவருக்கு இரவெல்லாம் பேக்கரி வேலை, பகலில் தூக்கம். காலையில் திரும்பும்போது எவரார்தோ வீட்டுச் சமையலறை ஜன்னலில் இனிப்பு பன் பொட்டலம் வைத்துவிட்டுப் போவார்.

அன்று பொட்டலம் இல்லை. எவரார்தோ அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. யாரோ போட்டுக்கொடுத்து, நகராட்சி ஆய்வாளர் வருவதாகத் தகவல். மாட்டினால் அறையை இடிக்க வேண்டும். வாடகை நின்றால் கடனில் வீடே போய்விடும். ஓடிப்போய்ப் பக்கவாட்டுக் கதவைத் தட்டினான்.

"பெரியவரே, ஆபீசர் வர்றாரு. என்ன ஆனாலும் சத்தம் போடக் கூடாது, சரியா?"

"சரிப்பா..."

குரல் கம்மியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டான். கதவு தெரியாதபடி பலகைகளைச் சாத்தி மறைத்தான். உள்ளே போக வர வேறு வழி கிடையாது.

ஆய்வாளர் வந்து கராஜ் முன்னால் நின்றார்.

டங்...

இரும்புக் கதவு. உள்ளிருந்து.

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல சார். பழைய வாட்டர் ஹீட்டர். சூடேறுனா என் மாமியார் மாதிரி கத்தும்."

எவரார்தோ சிரித்தான். ஆய்வாளரும் சிரித்தார்.

டங்... டங்...

சுவரில் தட்டினால் இப்படிக் கேட்காது. அந்த இடுக்குக்குள் நின்று தட்டுகிற சத்தம். அது அப்போது எவரார்தோவுக்கு உறைக்கவில்லை; கண் பலகைகள் பக்கம் போனது. கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது... திறக்கலாமா?

வீடு போய்விடும்.

திறக்கவில்லை.

டங்.

பிறகு சத்தமே இல்லை.

ஹீட்டர்தான் என்று நம்பி ஆய்வாளர் போனதும், எவரார்தோ பலகைகளைத் தள்ளித் திறந்தான். ஃபெர்மின் கட்டிலருகே தரையில் கிடந்தார். தொட்டான்... ஜில்லென்று இருந்தது.

"இவர் நேத்து சாயங்காலமே போயிருக்கணும்" என்றார் ஆம்புலன்ஸ்காரர். முந்தின இரவு அவர் வேலைக்கே வரவில்லை என்று பேக்கரியிலும் சொன்னார்கள். காலையில் பதில் சொன்னது யார், இடுக்கில் தட்டியது யார், இன்றுவரை தெரியாது.

மனைவி ஒபெலியா ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். "நீ தொறந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. உன்மேல என்ன தப்பு?"

எவரார்தோ முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அவர் செத்துட்டார்னு எனக்கு அப்பத் தெரியாதே, ஒபெலியா. உயிரோட இருக்குற மனுஷன் தட்டுறார்னு நெனச்சுக்கிட்டேதான்... சிரிச்சேன்."