ஊளையிட்ட பெட்டி

குங்கிலியம் கருகினால் ஒரு புகை வரும். இனிப்பாக இருக்கும், தொண்டையில் கரிக்கும். ராயபுரத்தில் படகுக்குப் பூசக் குங்கிலியம் காய்ச்சுவார்கள். எங்கள் வீட்டில் நான் ஈயம் பற்றவைக்கக் காய்ச்சினேன். கரி அடுப்பில் இரும்புக் கம்பியைச் செருகி, சிவந்ததும் எடுத்துக் குங்கிலியத்தில் தொட்டால் அறை முழுக்கப் புகை மண்டும். "இன்னாடா இது, சாவு வூடு மாரி நாறுது" என்பாள் அம்மா.

எட்டாவதில் நான் தவறிய வருடம் அது. கப்பல்களில் துரு தட்டும் வேலை என் அப்பாவுக்கு. காலை முதல் மாலை வரை சுத்தியலால் தகட்டைத் தட்டித் தட்டி அவர் காது மந்தமாகிவிட்டது. அதனால் அவர் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நான் தேறாத செய்தி கேட்டும் சோறு தின்று கை கழுவினார். பிறகு சொன்னார்: "திங்கக்கெழமை கரி தொறைக்கு வந்துடு. மேஸ்திரி கைல சொல்லிட்டேன்."

கரித் துறை என்றால் கப்பலிலிருந்து நிலக்கரிக் கூடை சுமப்பது. அங்கே போனவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது பல் மட்டும்தான் தெரியும். எனக்கு வண்ணாரப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் வேலைக்குச் சேர ஆசை. அதைச் சத்தமாக, இரண்டு தரம் சொன்னேன்.

அப்பா யோசித்தார். "நாயித்துக்கெழமைக்குள்ள ஒரு பொட்டி செஞ்சு பேச வை. பேசுச்சுன்னா பாய் கடை. பேசலன்னா கரி."

எப்படிச் செய்வது என்பது எனக்கு வேர்க்கடலை மடித்து வந்த ஒரு காகிதத்தில் இருந்தது. இங்கிலீஷ் புத்தகத் தாள், ஒற்றை வால்வு ரேடியோவின் படம். படத்தைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். கீழே பாதி கிழிந்திருந்தது. எச்சரிக்கை எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வால்வு என்கிற கண்ணாடிக் குழலும், காதில் மாட்டும் ஹெட்போனும் மூர் மார்க்கெட்டில், பட்டாளம் கழித்த சாமான்களில் கிடைத்தன. கப்பலில் தூக்கிப் போட்ட பேட்டரிக் கட்டு ஒன்றை அப்பாவே தோளில் சுமந்து வந்து மூலையில் வைத்தார். கம்பிச் சுருளை முதலில் பவுடர் டப்பாவில் சுற்றினேன். தகரத்தில் சுற்றினால் பேசாது என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அம்மாவின் மூங்கில் ஊதாங்குழலை அறுத்து அதில் சுற்றினேன். அம்மா ஒரு வாரம் வாயை அடுப்புக்குள் விட்டு ஊதினாள். என்னைத் திட்டவும் அதே வாய்தான்.

வானலையைப் பிடிக்கும் ஏரியல் ஒன்று பாக்கி. எங்கள் "லைன் வீட்டில்" ஆறு குடித்தனங்கள், ஆறுக்கும் பொதுவாகத் துணி காயப்போட முற்றத்தில் ஒரு நீளக் கம்பி. அது வீட்டுக்காரர் மாடிக்குக் கீழே தொடங்கி எங்கள் கதவருகே முடியும். அந்த முனையில் என் பெட்டியைக் கட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கொழும்பு ஸ்டேஷன் பேசியது. இந்த ரேடியோவில் ஒரு குமிழ் உண்டு. திருப்பத் திருப்பச் சத்தம் ஏறும். ஒரு மயிரிழை அதிகம் திருப்பினால் பாட்டு போய் ஊளை வரும். அந்த மயிரிழைக்கு இந்தப் பக்கம் விரலை நிறுத்தி ஒரு முழுப் பாட்டு கேட்டேன்.

ஞாயிறு ஆறு மணிக்கு அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை முதலில் என் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அவருக்கு மாட்டினேன். பாட்டு நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்பா சுவரைப் பார்த்தார்.

"கேக்குதா நைனா?"

"இன்னாத்த?"

அவர் காதை நான் மறந்துவிட்டேன். குமிழை இன்னும் திருப்பினேன். ஊளை கிளம்பியது. ஒரு கை தூரத்தில் இருந்த எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. கழற்றிக் கீழே வைத்தார். "காலைல அஞ்சுக்கு எய்ந்துடு" என்றார். குமிழ் அப்படியே நின்றது. எனக்கு அதைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் மாடியிலிருந்து கூச்சல். வீட்டுக்காரர் வெங்காய மண்டிக்காரர், தெற்கத்தி மனிதர், "அண்ணாச்சி" என்போம். தெருவில் ரேடியோ அவரிடம் மட்டும்தான். சாயங்காலப் பாட்டுக்கு ஆறு குடித்தனமும் அவர் வராந்தாவில் உட்காரும். "எம் பெட்டி நாய் கணக்கா ஊளையிடுதே!" என்று அதை அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா துணி எடுக்கக் கம்பியைத் தொட்டாள். மேலே ஊளை கீச்சென்று மாறியது. என் பெட்டியின் ஊளை அந்தக் கம்பி வழியாகத்தான் அவர் ரேடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யம்மா, தொடாதே!" என்றார் அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து. பிறகு, "இன்னொரு மட்டம் தொடு பாப்போம்!"

தொட்டாள். கீச். விட்டாள். ஊளை.

அண்ணாச்சி கீழே இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து எங்கள் கதவுக்கு வந்து சேர்ந்தார். "ஏலே, ஒன் டப்பாவா எம் ரேடியோவ அழ வைக்கி? நாளைக்கே வீட்டக் காலி பண்ணுங்கலே!"

அப்பாவோ மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் ரேடியோ பெரியது, ஊளையும் பெரியது. அது அப்பாவுக்குக் கேட்டது.

"அத்த நிறுத்து" என்றார் என்னிடம். குமிழைத் திருப்பினேன். மேலே பாட்டு வந்தது.

"இப்ப வுடு." ஊளை.

"நிறுத்து." பாட்டு.

அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "பேசுது" என்றார்.

"எதுவே பேசுது? எம் ரேடியோல்லா கத்துது!"

"அத்தக் கத்த வெக்கிறது யாரு அண்ணாச்சி? எம் புள்ள."

அண்ணாச்சி விடுவிடென்று மாடியேறினார். அவர் ரேடியோவைப் பழுது பார்ப்பதும் அதே பாய்தான். மறுநாள் காலை அப்பா என்னை அழைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனபோது அண்ணாச்சி அங்கே முன்னாலேயே நின்றிருந்தார். "இவன வேலைக்கு வச்சுக்கிடுங்க பாய். ஆனா சாயங்காலப் பாட்டு முடியுத வரைக்கும் வீட்டுக்கு விடாதீங்க. விட்டா நான் இவங்களக் காலி பண்ணிருவேன்." பாய் சிரித்து, என் கையில் துடைக்கிற துணியைக் கொடுத்தார்.

நாற்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தேன். பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். லைன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. அங்கே ஒருவர் காதில் என்ன பாடுகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

அந்தப் பெட்டியில் அப்பா ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. ஆனால் சாகும்வரை, புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி அவர் சொன்னது ஒன்றுதான்: "அண்ணாச்சி ரேடியோவ அழ வெச்சான் பாரு, அது இவன்தான்."