கூடுதலாகப் போட்ட கயிறு

தூத்துக்குடியில் கப்பல் ராஃப்ட் சர்வீஸ் செய்கிற ஷெட்டில் எனக்கு வேலை. என் ஊர் எப்போதும்வென்றானிலிருந்து தினமும் பஸ். ராஃப்ட் என்றால், கப்பல் முங்கினால் ஆட்கள் ஏறித் தப்பிக்கிற ரப்பர் படகு. வெள்ளைப் பீப்பாய்க்குள் மடிந்து கிடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பிரித்து, காற்றடித்து, கசிகிறதா என்று பார்த்து, தேதி முடிந்த தண்ணீர் பாக்கெட், பிஸ்கட்டையெல்லாம் மாற்றி, பவுடர் தூவி மறுபடி மடிக்க வேண்டும். முன்னால் தீப்பெட்டி ஆபீசில் இருந்தவள் நான். “கடலையே சரியாப் பாக்காதவ கப்பல் வேலை பாக்குதாளாம்” என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும், எனக்கென்ன.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஒரு சின்ன சரக்குக் கப்பலில் சேர்ந்திருந்தார். அதுவரை கயத்தாறில் லாரிகளுக்கு வைக்கோல் பாரம் கட்டியவர். அவர் கட்டிய பாரம் ஆடிக் காற்றிலும் அசையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

ஒருநாள் வண்டியிலிருந்து இறக்கிய பீப்பாயில் அவர் கப்பலின் பெயர். எனக்குத் திக்கென்றது. ஒற்றை ஆளாக மடிக்கக்கூடிய சாமான் இல்லை அது. கூட மடித்தவர்களைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். ஒவ்வொரு ஒட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

சூப்பர்வைசர் அண்ணாச்சி சிரித்தார். “ஏம்மா, ராஃப்ட்டா மடிக்குத, கல்யாணப் பட்டா மடிக்குத?”

“எங்க வீட்ல அவிய போற கப்பல் அண்ணாச்சி.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ராஃப்ட்டை விரிய வைக்கிற, ஏற்கெனவே எடை போட்ட கேஸ் சிலிண்டரை இன்னொரு தடவை எடை போட்டார். அந்த மனுசனைக் கும்பிடலாம் போல இருந்தது.

ராஃப்ட் கப்பலேறிய மறுநாள் சாயங்காலம், நான் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். கப்பல் புறப்படப் போகிற நேரம்.

“ஏட்டி, இங்கன பாரு, நீ மடிச்சது!” என்று போனைத் திருப்பினார்.

பீப்பாய் மேல்தளத்தில் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்த பட்டைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. அசல் வைக்கோல் பாரக் கட்டு.

“நான்தான் கட்டுனேன். கடல்ல பேய்க்காத்தா அடிக்குது. உன் கைபட்டது பறந்துரக் கூடாதுல்லா.”

ஆசையாகக் கட்டியிருக்கிறார் மனுசன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடயே கத்தினேன்.

“கூறு இருக்கா உங்களுக்கு? அந்தப் பட்டையில ஒரு கொக்கி இருக்கில்லா, கப்பல் முங்குனா தண்ணி அழுத்தத்துல அது தானா விட்டுரும். பீப்பா மேல மிதந்து வந்து விரியும். இப்பிடிக் கட்டிப் போட்டா கப்பலோட சேந்து அதுவும் அடியில போயிரும். பெறவு எதுல ஏறுவீங்க?”

பஸ் ஸ்டாப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் செத்துப்போனது.

“முடிச்சு இறுகிட்டு. அவுக்க வராது. காலைல பாக்கேன்.”

“அவுக்க வராதுன்னா அறுங்க. இப்பவே அறுங்க. அறுக்காம போனை வச்சீங்க, நான் ஹார்பருக்கே வந்துருவேன்.”

போனைத் தரையில் வைத்துவிட்டார். எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. கத்தி கயிற்றில் கரகரவென்று உரசும் சத்தம் கேட்டது. பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது, நான் ஏறவில்லை.

கடைசியில் வியர்த்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். அறுந்த கயிற்றைக் கையில் தூக்கிக் காட்டினார். நான் கத்தியதில் கோபம் அவருக்கு.

“அறுத்துட்டேன், போதுமா? இனி காத்து தூக்கிட்டுப் போச்சுன்னா என்னையச் சொல்லப்படாது.”

“தூக்கிட்டுப் போனா போகட்டும், இன்னொண்ணு மடிச்சுத் தாரேன்” என்றேன். “உங்களை மாதிரி இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்?”