வெட்டுவதற்காகப் பிழைக்கவைத்த கிடா

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மிருக வைத்தியம் பார்த்துவந்தேன். வருவதெல்லாம் நாய்தான். அதிலும் பாதி, தயிர்சாதம் தின்றே கொழுத்தவை. ஒருநாள் காலையில் கடற்கரைக் குப்பத்து மீன்காரம்மா ஒரு வெள்ளைக் கிடாவை ரிக்‌ஷாவில் உட்காரவைத்து, தான் கூடவே நடந்து வந்து இறக்கினாள்.

“நைனா, தீனி எடுக்கல. உதறிக்கினே கீது. மூத்திரம் ரத்தமா போவுது. புயல்ல மாட்டுன எம் புருசன் கரை சேந்தா இத்த ஆத்தாளுக்கு வெட்டறேன்னு நேந்துக்கினேன். ஆளு வந்துட்டாரு. இது பூட்ச்சுன்னா ஆத்தா வுடுவாளா? எப்டினா பொழைக்க வையி. ஆடியில வெட்டணும்.”

“வெட்டறதுக்கா பொழைக்க வைக்கணும்?”

“பின்ன? செத்ததையா வெட்டுவாங்க?”



கிடாவின் காதுக்குள் உண்ணிகள் அப்பிக்கிடந்தன. அவை கடித்து ரத்தத்தில் ஒட்டுண்ணியை ஏற்றியிருக்கும் என்று சந்தேகம். கண்ணால் பார்க்காமல் ஊசி போட எனக்கு மனசு வராது. காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்து, மாடியில் காயவைத்தேன்.

“ஏண்டா, ஆட்டு ரத்தத்தைக் கொண்டுவந்து வடாம் பக்கத்துல வெச்சிருக்கியே, நன்னாருக்கா?” என்று அம்மா அலறினாள். பயந்துபோய்க் கைப்பிடிச் சுவருக்கு மாற்றினேன். அங்கே ஈ மொய்த்து மொத்தத்தையும் நக்கிவிட்டது. சனியன்!

மறுபடி குத்தினேன். கிடா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்தத் தடவை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டே காயவைத்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் ஒட்டுண்ணிகள் ஜோடி ஜோடியாக, பேரிக்காய் வடிவத்தில் உட்கார்ந்திருந்தன. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். மீன்காரம்மாவும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“இம்மாந்துண்டு பொடிக்கா என் கண்ணு இந்த உதறு உதறுது?” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊசி போட்டேன். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை வெட்டக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். ஆடிக்குள் கிடா, ரிக்‌ஷா சீட்டின் தேங்காய்நாரைப் பிடுங்கித் தின்னும் அளவுக்குத் தேறிவிட்டது.

பொழைக்க வைத்தவர் வராமல் எப்படி என்று, முட்டைகூடத் தொடாத என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு வழக்கம். கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் ஆத்தா உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாமல் வெட்டக்கூடாது.

ஒரு குடம் ஊற்றினார்கள். கிடா மூக்கை நக்கிக்கொண்டது. குடம் குடமாக ஊற்றினார்கள். கழுத்திலிருந்த வேப்பிலை மாலையை மென்றபடி நின்றது.

“காய்ச்சல்ல நாள் பூரா உதறிக்கினு கீந்துச்சு. இந்த டாக்டருதான் ஊசி போட்டு நிறுத்திட்டாரு!” என்றார் அவள் புருஷன். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

“உதற வைக்க ஊசி இன்னா கீதா சார்?” என்று அரிவாளோடு கிட்டே வந்தார் பூசாரி. எனக்குக் கைகால் வெடவெடவென்று ஆடியது.

மீன்காரம்மா குடத்தைப் பிடுங்கி வீசினாள். “போதும் நிறுத்துங்கய்யா! இங்க உதறுறது இந்த ஆளு ஒருத்தருதான். இவரையா வெட்டுவீங்க?”

பிறகு மண்ணில் உட்கார்ந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “ஆத்தாளே வேணான்னுட்டாடா கண்ணு. வா, வூட்டுக்குப் போவலாம்.”

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கிடா கொஞ்சமும் அசையாமல் நின்றது.