வசந்தமலர் அடித்த கேக்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கேக் அடிக்கத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வசந்தமலரைப் போல அடிக்க ஒருவராலும் ஏலாது. கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும், நான் தின்றுவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் கீழே இருக்கிறார். யாழ்ப்பாணத்து வேதக்காரர், கிறிஸ்தவர். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. ஒக்டோபர் பிறந்தால், வேலை முடிந்து வந்து பிளம்ஸ் என்கிற உலர்திராட்சையையும் செரியையும் அரிந்து பிராண்டியில் ஊறப்போடுவார். ஆரஞ்சுத் தோடம்பழத் தோலைச் சீனிப்பாகில் காய்ச்சுவது ஜெர்மனியில் பழகியது. ஹலோவீன் முடிந்து கடைகளில் மலிந்துபோன பூசணிக்காயை வாங்கிவந்து சீனிப்பாகில் இறுகக் கிண்டித் தோசியாக்குவார். கேக்குக்கு மா கிடையாது. ரவையை வறுத்துச் சூட்டோடு பட்டரில் பிசறி வைப்பார். கிறிஸ்துமஸ், எங்களுக்கு நத்தார், கிட்ட வர, கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, சைவம் வேதம் பார்க்காமல் வீடு வீடாகக் கொடுப்பார்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தோடு ஊரில் சண்டை முடிந்தது. வன்னியில் இருந்த அவருடைய தம்பி சூசைதாசனிடமிருந்து அதன் பிறகு சேதியே இல்லை. முகாம்களில் தேடிப் பார்த்தார்கள். கண்டவர் ஒருவரும் இல்லை, பிரேதமும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கொண்டாட்டத்துக்குப் பலகாரம் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் செய்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தீபாவளியன்று, எதிர்வீட்டில் இருக்கும் என் கணவரின் தமக்கை சந்திரவதனா மச்சாள் பெரிய தட்டு நிறையப் பலகாரத்தோடு வசந்தமலர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நீர் இந்த வருசம் ஒண்டும் செய்யக் கூடாதுதானே. நத்தாருக்கும் நானே செய்து தாறன்" என்றார் மச்சாள். நல்ல மனசோடுதான் சொன்னார்.

வசந்தமலர் தட்டைக் கையில் வாங்கவில்லை.

"என்ர தம்பி செத்திட்டான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அக்கா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா..."

"அப்ப இது இழவு வீடில்லை. நான் கேக் அடிக்கத்தான் போறன்."

தட்டு வந்த மாதிரியே திரும்பிப் போனது. ஊர் வாய் சும்மா இருக்குமா? தம்பிக்காரன் போய் வருஷம் திரும்பவில்லை, இவவுக்கு நத்தார் கேட்குதோ என்று கடையிலும் பேச்சு, கோயிலிலும் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொன்னால், சூசைதாசன் உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. ஆனால் அவருடைய அடுப்படிக்குள் புகுந்து அதை முடிவுசெய்ய நாங்கள் யார்?

நவம்பர் முழுக்க அவர் வீட்டு யன்னலில் ஆவி படிந்து கிடந்தது. கறுவாப்பட்டையும் ஏலக்காயும் எங்கள் வீடுவரை மணந்தன. மஞ்சள் கருவை அடித்துக்கொண்டிருந்தவர் இடையில் மெஷினை நிறுத்திவிட்டு அழுவார். அழுது முடித்து மறுபடி அடிப்பார். தேற்றப் போன என்னிடம் கத்தியைத் தந்து கஜு முந்திரிப்பருப்பை அரியச் சொன்னார்.

"ஒருத்தரும் வாங்காட்டி என்ன செய்யிறது?" என்றார் திடீரென்று. "எல்லாரும் கதவைச் சாத்தினா, நான் ஒராள் மட்டும் அவன் இருக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டு எவ்வளவு நாளைக்கு இருக்கேலும்?"

அந்தப் பயத்தோடும் அவர் கேக்கில் ஒரு குறை வைக்கவில்லை. அதுதான் வசந்தமலர்.

நத்தாருக்கு முதல்நாள், உறைபனி வழுக்கும் நடைபாதையில் நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு போனேன். முதல் வீட்டில் "இப்ப வேண்டாம், பிள்ளை" என்றார்கள். அடுத்த வீட்டில் டிவி சத்தம் வெளியே கேட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. வசந்தமலரின் முகம் செத்துப்போயிற்று. திரும்பிவிடுவோம் என்றேன். அவர் கேட்காமல் சந்திரவதனா மச்சாளின் மணியை அடித்தார்.

மச்சாள் கதவைத் திறந்து கேக்கைப் பார்த்தார். வசந்தமலரைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து, தாளைப் பிரித்து, வாசலில் நின்றபடியே முழுவதையும் தின்றார்.

"தம்பி வந்தாக் குடுக்க எடுத்து வைச்சனீரோ?" என்று கேட்டார்.

"ஓம், அக்கா" என்று சொல்லும்போதே வசந்தமலர் வாய்விட்டு அழுதுவிட்டார். மச்சாள் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.